ஜிகினா, சைரன், பூட்ஸ்

1973-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதத்து பிரிட்டிஷ் சிங்கிள் பட்டியல்களை எடுத்துப் பார்த்தால் கிளாம் ராக்கின் முழுச் சண்டையும் அதிலேயே தெரிந்துவிடும். ஜனவரிக் கடைசியில் ஸ்வீட் குழுவின் ‘பிளாக் பஸ்டர்’ முதலிடத்தைப் பிடித்து ஐந்து வாரம் அசையாமல் இருந்தது. மார்ச் தொடக்கத்தில் அதை இறக்கிவிட்டு அமர்ந்தது ஸ்லேடின் ‘கம் ஆன் ஃபீல் த நாய்ஸ்’. அது படிப்படியாக ஏறி வரவில்லை. வெளியான வாரமே நேராக முதலிடம். 1969-இல் பீட்டில்ஸின் ‘கெட் பேக்’குக்குப் பிறகு எந்தத் தட்டுக்கும் அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. அதே மார்ச்சில் டி. ரெக்ஸின் ‘ட்வென்டியத் செஞ்சுரி பாய்’ வந்தது. இரண்டு ஆண்டு முன்பு இந்த இசைக்கே கதவு திறந்துவிட்ட மார்க் போலனின் தட்டு அது. மூன்றாமிடத்துக்கு மேல் அது போகவில்லை.

முதலிடங்களை எண்ணினால் ஸ்லேடுக்கு ஆறு, டி. ரெக்ஸுக்கு நான்கு, ஸ்வீட்டுக்கு ஒன்றே ஒன்று. அன்றைய ரசிகப் பிள்ளைகள் கட்சி கட்டியது இந்த எண்களை வைத்துத்தான். ஐம்பது ஆண்டு கடந்து அதே பாட்டுகளை ஹெட்ஃபோன் மாட்டி, ஒவ்வொரு வாத்தியமாகப் பிரித்துக் கேட்கும்போது எனக்கு வேறொரு கணக்கு தோன்றுகிறது. மூன்று குழுவுமே நிலைத்துவிட்டன. ஆனால் நிலைத்தது ஒவ்வொன்றிலும் வேறு வேறு. ஸ்லேடில் நிலைத்தது பாட்டு, யார் வாயிலும் தங்கும் பாட்டு. ஸ்வீட்டில் நிலைத்தது ஒலிப்பதிவு, அன்று அந்தக் கூடத்தில் நாடாவில் பதிந்த அதே ஒலி. போலனிடமிருந்து நமக்கு மிஞ்சியது ஒரு நடை.

டேவிட் போவியையும் ராக்ஸி மியூசிக்கையும் இந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை. அவர்கள் கிளாமின் வழியாக நடந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டவர்கள். இந்த மூவர் அந்தத் தெருவிலேயே வீடு கட்டியவர்கள்.

போலன் லண்டனின் ஹாக்னியில் 1947-இல் மார்க் ஃபெல்ட் என்ற பெயரில் பிறந்தவர். அறுபதுகளின் கடைசியில் தரையில் சம்மணமிட்டு அக்கூஸ்டிக் கிட்டாரும் போங்கோவுமாக, டிரனோசாரஸ் ரெக்ஸ் என்ற நீளப் பெயரில், மந்திரவாதிகளையும் மாயக் காடுகளையும் பாடிக்கொண்டிருந்தார். 1970-இல் பெயரைச் சுருக்கி மின்கிட்டாரை எடுத்தார். அந்த ஆண்டு வந்த ‘ரைட் எ ஒயிட் ஸ்வான்’ இரண்டாமிடம் வரை போனது. அதில் டிரம்ஸே கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிட்டாரின் துள்ளலும் கைத்தட்டலும்தான் தாளத்தைத் தூக்கிச் செல்கின்றன. டிரம்ஸ் வந்தது அடுத்த தட்டான ‘ஹாட் லவ்’வில். 1971 மார்ச்சில் அதைப் பாட ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சிக்கு வந்தபோது கண்ணுக்குக் கீழே கொஞ்சம் ஜிகினா தடவிக்கொண்டு வந்தார். கிளாம் பிறந்த நாள் எது என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் பதில் அதுதான்.

ஜிகினாவைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நான் சொல்ல விரும்புவது ‘கெட் இட் ஆன்’ பாட்டுக்குள் இருக்கும் காலி இடங்களைப் பற்றி. 1971 கோடையில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. இதில் யாருக்கும் அவசரமே இல்லை. கிட்டார் ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது, ஆனால் அடிக்கு ஒரு மயிரிழை பிந்தி விழுவதுபோல் ஒரு சோம்பல் அதில் இருக்கிறது. போலன் மைக்குக்கு மிக அருகில் வாயை வைத்துப் பாடுகிறார். ராக் பாடகர்கள் தொண்டையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவர் ரகசியம் சொல்லும் குரலில் பாடினார். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மூச்சு இழுக்கும் ஓசையையும் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி அப்படியே வைத்திருக்கிறார். அந்த மூச்சும் ஒரு தாள வாத்தியமாகிவிடுகிறது.

அதற்குமேல் மற்றவை வந்து போகும் ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். கிங் கிரிம்சன் குழுவிலிருந்த இயன் மெக்டொனால்டின் சாக்ஸஃபோன் கீழே உறுமிவிட்டு ஒதுங்குகிறது. பல்லவியில் வயலின்கள் நீளமான சுரங்களாக வந்து, வந்த தடம் தெரியாமல் போகின்றன. அமெரிக்காவின் டர்டில்ஸ் குழுவில் பாடிய மார்க் வோல்மனும் ஹவார்ட் கேலனும் பின்னால் கள்ளக்குரலில் சேர்ந்து கொடுக்கும் மேல்சுரம் கொஞ்சம் விளையாட்டாகவும் கொஞ்சம் ஏக்கமாகவும் ஒலிக்கிறது. நடுவே பியானோ மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் வழுக்கி ஓடும். வாசித்தவர் ரிக் வேக்மன். வீட்டு வாடகைக்கு 9 பவுண்ட் குறைந்ததால் கிடைத்த வேலை அது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விரலை வைத்து ஒரு இழுப்பு, அவ்வளவுதான் அவருக்கு வேலை. ஆனால் அந்த இழுப்பை எடுத்துவிட்டுப் பாட்டைக் கற்பனை செய்து பாருங்கள், வெயிலில்லாத தெருவைப்போல் ஆகிவிடும். ஒவ்வொருவரும் தன் முறைக்கு வந்து, கொஞ்சமே வாசித்துவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டுப் போகிறார்கள். பாட்டு தேய்ந்து மறையும் இடத்தில் போலன் தன் ஆசான் சக் பெர்ரியின் பழைய பாட்டொன்றிலிருந்து ஒரு சொற்றொடரை முணுமுணுக்கிறார். கடனைத் திருப்பித் தரும் அழகு அது.

1985-இல் பவர் ஸ்டேஷன் என்ற குழு இதே பாட்டை மறுபடி பதிவு செய்தது. அமெரிக்கப் பட்டியலில் போலனின் தட்டு பத்தாமிடம் வரை போனது, இவர்களுடையது ஒரு படி மேலேறி ஒன்பதாமிடம். ராபர்ட் பால்மர் நல்ல பாடகர், டோனி தாம்சன் அசுர டிரம்மர். ஆனால் விஸ்கான்டி காலியாக விட்ட ஒவ்வொரு இடத்தையும் அவர்கள் நிரப்பிவிட்டார்கள். முன்பு மூச்சு கேட்ட இடத்தில் இப்போது டிரம்ஸ் இடிக்கிறது. பாட்டு அங்கே இருக்கிறது, நடை இல்லை. போலனின் பாட்டை எடுத்துப் பாடியவர்களைவிட அந்த நடையை மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்குத்தான் அது வசப்பட்டது என்று நினைக்கிறேன். ஸ்மித்ஸ் குழுவின் ‘பேனிக்’ பாட்டை ‘மெட்டல் குரு’வுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், ஜானி மார் பள்ளி நாட்களில் மயங்கிக் கேட்ட இசை இருபதுகளில் எப்படி விரலில் வந்து நிற்கிறது என்று தெரியும். ஒயாசிஸின் ‘சிகரெட்ஸ் அண்ட் ஆல்கஹால்’ தொடங்கும் கிட்டார் துணுக்கு ‘கெட் இட் ஆன்’ வீட்டுப் பிள்ளை. அதை மறைக்க அவர்கள் முயலவே இல்லை.

‘மெட்டல் குரு’ பற்றி இன்னொன்று. அந்தப் பாட்டுக்குத் தொடக்கம் என்று எதுவும் கிடையாது. ஒரு பெரிய கூவலோடு நேரே பல்லவியின் உச்சத்தில் வந்து விழுகிறோம், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் திருவிழாவுக்குள் தவறி நுழைந்துவிட்டதுபோல. பிறகு அது ஒரே வட்டத்தில் சுற்றுகிறது, சலிக்காமல். 1972-இல் பிரான்ஸின் ஒரு பழைய மாளிகையில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. போலனுக்கு முதலிடம் தந்த கடைசிப் பாட்டும் அதுதான். 1977 செப்டம்பர் 16 விடியற்காலையில் பார்ன்ஸில் கார் மரத்தில் மோதி அவர் இறந்தபோது முப்பது வயது நிறைய இரண்டு வாரம் இருந்தது. 2000-இல் வந்த ‘பில்லி எலியட்’ படம் அவருடைய ‘காஸ்மிக் டான்சர்’ பாட்டோடுதான் தொடங்குகிறது. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடக்கும் ஊரில், வீட்டிலிருக்கும் இசைத்தட்டை ஓடவிட்டுக் கட்டில்மேல் குதிக்கும் சிறுவன். அந்தக் குதிப்புக்கு ஸ்லேடைப் போட்டிருந்தால் அவன் தரையை மிதித்திருப்பான். போலனைப் போட்டதால்தான் அவன் மேலேயே கொஞ்ச நேரம் நிற்கிறான்.

ஸ்வீட்டுக்கு வருகிறேன். மூன்று குழுக்களில் மிகக் குறைவாக மதிக்கப்பட்டது இதுதான், அது எனக்கு நெடுநாள் மனக்குறை. நிக்கி சின், மைக் சாப்மன் என்ற இரட்டையர் பாட்டெழுதித் தருவார்கள், ஃபில் வெய்ன்மன் தயாரிப்பார். தொடக்கத் தட்டுகளில் வாத்தியம் வாசித்தவர்கள்கூடக் கூலிக்கு வந்த கலைஞர்கள், குழுவினர் பாடுவதோடு சரி. ஆகவே ‘பொம்மைகள்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதே தட்டுகளின் மறுபக்கத்தில் அவர்களே எழுதி அவர்களே வாசித்த முரட்டு ராக் பாட்டுகள் இருந்தன. தட்டைத் திருப்பிப் போடும் பழக்கம் விமர்சகர்களுக்கு இருந்திருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும்.

‘பிளாக் பஸ்டர்’ ஒரு சைரனோடு தொடங்குகிறது. அதன் கிட்டார் துணுக்கும் அதே 1973 ஜனவரியில் இரண்டாமிடத்தில் இருந்த போவியின் ‘த ஜீன் ஜெனி’யின் துணுக்கும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் ஆர்சிஏ நிறுவனத்தின் வெளியீடு. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்ற வழக்கு எனக்குச் சுவையாகப் படவில்லை, இரண்டுமே பழைய அமெரிக்க புளூஸ் கிணற்றில் இறைத்த தண்ணீர். சுவை எங்கே என்றால், ஒரே துணுக்கை வைத்து இரு வீட்டாரும் செய்தது என்ன என்பதில். போவி அதன்மேல் சாய்ந்துகொண்டு சோம்பல் முறிக்கிறார். ஸ்வீட் அதைத் துரத்துகிறார்கள். பாட்டின் நடுவே எல்லாம் சட்டென்று நிற்க, குழுவின் ஸ்டீவ் பிரீஸ்ட் பதறிப்போன நாடகக் குரலில் ஒரே ஒரு வாக்கியம் பேசுகிறார். அந்த ஒரு கணத்துக்காகவே தொலைக்காட்சி முன் காத்திருந்தவர்கள் உண்டு.

அவர்களுக்கு முதலிடம் தந்தது அந்த ஒரு பாட்டுதான். இரண்டாமிடமோ ஐந்து முறை. ‘டீனேஜ் ராம்பேஜ்’ 1974 தொடக்கத்தில் இரண்டாமிடத்தில் நின்றபோது மேலே உட்கார்ந்திருந்தது மட் குழுவின் ‘டைகர் ஃபீட்’. அதை எழுதியவர்களும் அதே சின்னும் சாப்மனும்தான்! தங்களுக்குப் பாட்டெழுதும் கைகளாலேயே தடுக்கப்பட்ட இந்த நால்வரை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

‘பால்ரூம் பிளிட்ஸ்’ அவர்களுடைய உச்சம். 1973 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் கூட்டம் பாட்டில்களை வீசி அவர்களை மேடையிலிருந்து விரட்டியது. அந்த இரவைப் பாட்டாக்கினார்கள். நம் பாட்டுகளில் தொகையறா வருவதுபோல் இதற்கும் ஒரு முன்னுரை உண்டு. பாடகர் பிரையன் கொனலி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தயாரா என்று கேட்கிறார், ஒவ்வொருவரும் தன் குணத்துக்கேற்ற தொனியில் பதில் சொல்கிறார்கள். அந்தக் கேள்வி பதிலுக்கு அடியில் மிக் டக்கரின் டிரம்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாளத்தைத்தான் நான் நெடுநேரம் கேட்பேன். பெரிய டிரம்களில் இடிப்பதற்குப் பதிலாக ஸ்னேரில் நெருக்கமான துள்ளல் நடை ஒன்றை ஓடவிட்டிருக்கிறார். ரயில் புறப்படும் முன் நடைமேடைக்கே வந்துவிடும் அதிர்வு அதில் இருக்கிறது. ஒரு அடிகூடக் கனக்கவில்லை, ஒன்றும் சிதறவும் இல்லை. பல்லவி வெடிக்கும்போதும் அவர் வேகத்தைக் கூட்டுவதில்லை. மற்றவர்கள் கத்தலாம், நான் நடையைப் பிடித்துக்கொள்கிறேன் என்ற அடக்கம். எழுபதுகளின் ஆங்கில டிரம்மர்களைப் பட்டியலிடுபவர்கள் டக்கரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர் 2002-இல் இறந்தார்.

இந்தத் தாளத்துக்கு மேல் ஸ்வீட்டின் தனிச் சொத்தான குரல் அடுக்கு. கொனலியின் நடுக்குரலுக்கு மேலே பிரீஸ்டும் ஆண்டி ஸ்காட்டும் எட்டாத உயரத்தில் சேர்ந்து பிடிக்கும் சுரங்கள். கண்ணாடி விளிம்புபோல் கூராக, ஒன்றோடொன்று நூல் பிசகாமல் நிற்கும். 1975-இல் குழுவே எழுதித் தயாரித்த ‘ஃபாக்ஸ் ஆன் த ரன்’ பாட்டில் அந்த அடுக்கு முழு அழகோடு கிடைக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு அதே பாட்டை சின்–சாப்மன் தயாரிப்பில் ஆல்பத்துக்காகப் பதிவு செய்திருந்தார்கள். அதில் எலும்பு இருக்கிறது, மினுமினுப்பு இல்லை. இரண்டாம் முறை சிந்தசைசர் ஒன்று சுழன்றெழுந்து பாட்டைத் திறந்துவைக்கிறது, குரல்கள் நெருங்கி வருகின்றன, தேவையற்றது எல்லாம் கழன்றுபோயிருக்கிறது. பொம்மைகள் என்று பெயர் வாங்கியவர்கள் தங்கள் கையாலேயே தங்கள் சிறந்த ஒலிப்பதிவைச் செய்து காட்டினார்கள். இதுவும் பிரிட்டனில் இரண்டாமிடம். அமெரிக்காவில் ஐந்தாமிடம்.

அமெரிக்கா என்றதும் மூவருக்குமான வரிசை தலைகீழாகிவிடுகிறது. ஸ்வீட்டுக்கு அங்கே முதல் பத்துக்குள் நான்கு பாட்டுகள், போலனுக்கு ஒன்று, எழுபதுகளின் ஸ்லேடுக்கு எதுவும் இல்லை. இன்றைக்கும் ஒரு ஹாலிவுட் படத்தின் முன்னோட்டத்துக்கு முப்பது வினாடியில் ரத்தம் சூடேற்றும் ஒலி வேண்டுமென்றால் ஸ்வீட்டை எடுக்கிறார்கள். ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’யின் இரண்டாம் படத்து முன்னோட்டத்தில் ‘ஃபாக்ஸ் ஆன் த ரன்’ ஒலித்தபோது அதைப் புதுப் பாட்டு என்றே எண்ணிய இளைஞர்கள் இருந்திருப்பார்கள். ஒலிப்பதிவில் ஒரு சுருக்கம்கூட விழவில்லையே! 1974-இல் தெருவில் தாக்கப்பட்டுத் தொண்டையில் அடிபட்ட கொனலி, 51 வயதில் 1997-இல் போய்ச் சேர்ந்தார். அந்தக் குரல் மட்டும் அந்தத் தட்டில் பிசகில்லாமல் இருக்கிறது.

இனி ஸ்லேட். பர்மிங்ஹாமுக்கு மேற்கே நிலக்கரியும் இரும்புப் பட்டறையுமாக இருந்த பிளாக் கன்ட்ரி வட்டாரத்துப் பிள்ளைகள் நால்வர்: நாடி ஹோல்டர், ஜிம் லீ, டேவ் ஹில், டான் பவல். முன்பு அனிமல்ஸ் குழுவில் பேஸ் வாசித்து, ஜிமி ஹென்ட்ரிக்ஸை லண்டனுக்கு அழைத்து வந்த சாஸ் சாண்ட்லர்தான் மேலாளர். கிளாமுக்கு வருமுன் கொஞ்ச காலம் தலையை மழித்து ஸ்கின்ஹெட் வேடத்திலும் இருந்தார்கள். பிறகு ஹோல்டரின் தொப்பியில் கண்ணாடி வட்டங்கள் ஒட்டின, ஹில்லின் உடம்பில் வெள்ளித்தாள் மின்னியது. ஆனால் கீழே பூட்ஸ் மாறவில்லை. அவர்களுடைய பாட்டுகளில் அந்த பூட்ஸ் உண்மையாகவே கேட்கிறது. கைத்தட்டலையும் தரை மிதிக்கும் ஓசையையும் ஒரு வாத்தியமாகப் பதிந்தார்கள்.

1971-இல் அவர்களுக்கு முதல் முதலிடம் தந்த ‘காஸ் ஐ லவ் யூ’வைக் கேட்டால் ஒரு விநோதம் புரியும். அது மென்மையான காதல் பாட்டு, அதன் நடுவே ஜிம் லீ மின்வயலின் வாசிக்கிறார். லீ சிறுவயதில் ஸ்டாஃபர்ட்ஷைர் இளைஞர் இசைக்குழுவில் முறையாக வயலின் வாசித்தவர். இது நம் ஆட்களுக்கு ரொம்ப மென்மையாகிவிடுமோ என்று பயந்து பூட்ஸ் ஓசையைச் சேர்த்தார்கள், தலைப்பின் எழுத்துகளையும் தங்கள் வட்டாரப் பேச்சுப்படி கொச்சையாக எழுதினார்கள். பள்ளி ஆசிரியர்கள் எரிச்சல்பட்ட அந்த எழுத்துப்பிழைகள் பிறகு ஸ்லேடின் முத்திரையாகின. ஆனால் ரகசியம் லீயின் விரலில் இருக்கிறது. ஸ்லேட் பாட்டு எதிலும் பேஸ் கிட்டாரைத் தனியே பின்தொடர்ந்து பாருங்கள். மேலே ஹோல்டர் உறுமிக்கொண்டிருக்க, கீழே ஒரு முழு மெட்டு தன்பாட்டுக்கு நடந்துபோகும். வயலின்காரர் பேஸ் வாசித்தால் வரும் மெட்டு அது.

ஹோல்டரின் குரலுக்கு ஈடு கிடையாது. முழு பலத்தோடு கத்தும்போதும் சுரம் நூலளவு விலகாது. கத்தலுக்குள் சுருதி சுத்தமாக இருக்கும். ‘கம் ஆன் ஃபீல் த நாய்ஸ்’ தொடங்கும் முன் அவர் மைக்கைச் சோதிக்க எழுப்பிய கூவலை அழிக்காமல் அப்படியே வைத்துவிட்டார்கள். இப்போது அது இல்லாமல் அந்தப் பாட்டே இல்லை.

இத்தனை தனிக் குரலுக்காகச் செய்த பாட்டு வேறு வாய்க்குப் போனால் செத்துவிடும் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. 1983-இல் லாஸ் ஏஞ்சலஸின் குவயட் ரயட் குழு இதைப் பதிவு செய்தது. பாடகர் கெவின் டுப்ரோவுக்கு அதைப் பாட விருப்பமே இல்லை. அமெரிக்காவில் ஐந்தாமிடம். அந்த ஆல்பம் அங்கே முதலிடம். ஸ்லேட் ஆண்டுக்கணக்கில் அமெரிக்க ஊர்களைச் சுற்றியும் கிடைக்காத வெற்றி, வேண்டாவெறுப்பாகப் பாடியவர்களுக்கு அவர்கள் பாட்டால் கிடைத்தது. 1996-இல் ஒயாசிஸும் தங்கள் தட்டொன்றின் மறுபக்கத்தில் அதையே பாடினார்கள். யார் பாடினாலும் அது எழுந்து நிற்கிறது. பல்லவியின் மெட்டு ஒரு கூட்டம் சேர்ந்து கத்தக்கூடிய வீச்சுக்குள் கட்டப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூச்சு வாங்க இடம் இருக்கிறது. மேடையில் ஆயிரம் இரவு நின்று, எந்த இடத்தில் கூட்டம் சேர்ந்துகொள்ளும் என்று உடம்பால் அறிந்தவர்கள் எழுதிய பாட்டு.

அதன் முழு வடிவம் ‘மெர்ரி எக்ஸ்மஸ் எவ்ரிபடி’. 1973 ஜூலையில் கார் விபத்தில் டான் பவல் உயிர் பிழைத்ததே பெரிது. உடன் வந்த காதலி இறந்தார். பவலுக்கு நினைவாற்றல் கலைந்துபோனது. அதன்பின் சில வாரங்களிலேயே நியூயார்க்கின் ரெக்கார்ட் பிளான்ட் கூடத்தில் கொளுத்தும் வெயிலில் இந்தக் கிறிஸ்துமஸ் பாட்டு பதிவானது. ஹோல்டர் 1967-இல் எழுதி ஒதுக்கிய மெட்டு பல்லவியானது, லீயின் மெட்டு சரணமானது, வால்சாலில் பெற்றோர் வீட்டில் ஒரே இரவில் ஹோல்டர் சொற்களை எழுதினார். முதலில் கேட்கும் ஆர்மோனியம் ஜான் லெனன் அப்போது ‘மைண்ட் கேம்ஸ்’ பதிவுக்கு வைத்திருந்தது. பல்லவிக்கு எதிரொலி வேண்டுமென்று கட்டடத்தின் நடைவழியில் நின்று பாடினார்கள். பனிமணியும் தேவதைக் குரலும் இதில் கிடையாது. அதே டிசம்பரில் போட்டிக்கு வந்த ராய் வுட்டின் விசார்ட் குழு பள்ளிப் பிள்ளைகளின் கோரஸ், கல்லாப்பெட்டி ஓசை என்று எல்லாவற்றையும் கொட்டி அலங்கரித்த பாட்டைத் தந்தது. நான்காமிடம் வந்தது, அதுவும் இனிப்பான பாட்டுதான். ஸ்லேட் தந்தது சொந்தக்காரர்கள் வந்து நிறைந்த ஒரு சாதாரண வீடு. நடுவே மெட்டு எதிர்பாராத திசைக்குத் திரும்பி, ஒரு கணம் சுருதியே நிழலுக்குள் போய், மறுபடி பல்லவியின் வெளிச்சத்துக்கு வரும். அந்தத் திருப்பம் இருப்பதால்தான் ஆயிரமாவது முறையும் பல்லவி புதிதாகக் கேட்கிறது.

பிரிட்டனில் வேலைநிறுத்தமும் எரிபொருள் பஞ்சமும் சேர்ந்து, வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று அரசு அறிவித்த டிசம்பர் அது. வந்த வாரமே முதலிடம், பத்து லட்சத்துக்கு மேல் விற்பனை. டிஜிட்டல் பதிவிறக்கம் வந்தபின் டிசம்பர்தோறும் மறுபடி பட்டியலுக்குள் வருகிறது. அன்று பதினைந்து வயதில் அதை வாங்கியவர்கள் இன்று அந்தப் பாட்டில் வரும் பாட்டியின் வயதில் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளோடு அதையே பாடுகிறார்கள். கொனலியின் ஒலிப்பதிவுக்கும் போலனின் நடைக்கும் வாய்க்காத ஆயுள் இது. பாடியவர் பெயரே தெரியாதவர்களும் பாடும் பாட்டு.

ஆனாலும் ஸ்லேடை அந்த ஒரு மாதத்துக்குள் அடைத்துவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. 1975-இல் அவர்கள் நடித்து ரிச்சர்ட் லான்கிரெய்ன் இயக்கிய ‘ஃபிளேம்’ படம் வந்தது. கும்மாளம் எதிர்பார்த்துப் போன ரசிகர்களுக்கு இசை வணிகத்தின் இருட்டைக் காட்டிய படம். அன்று பலர் முகம் சுளித்தார்கள், ஐம்பது ஆண்டு கழித்து பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் அதைச் சீராக்கி மறுபடி திரைக்குக் கொண்டுவந்தது. அதன் முகப்புப் பாட்டு ‘ஹவ் டஸ் இட் ஃபீல்’. லீ சிறுவனாக இருந்தபோது சாவிகள் பாதி உடைந்த ஒரு பழைய பியானோவில் கண்டெடுத்த மெட்டு அது. தனிப் பியானோவில் தயங்கித் தொடங்கி, கொன்சாலெஸ் குழுவின் ஊதுவாத்தியங்கள் வந்து சேரச் சேர விரிந்துகொண்டே போகிறது. ஹோல்டர் இதில் கத்தவே இல்லை, பூட்ஸும் இல்லை. 1971-இலிருந்து தொடர்ந்து பன்னிரண்டு தட்டுகளை முதல் ஐந்துக்குள் கொண்டுபோன குழுவுக்கு இந்தப் பாட்டு பதினைந்தாமிடத்தோடு நின்றது. மூன்று குழுக்களின் எல்லாத் தட்டுகளிலிருந்தும் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் எடுப்பது இதைத்தான்.